‘விஸ்டா’ என்ற ஒரு சொல்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் நம் சங்கத்துக் காரியதரிசி அவர்கள் என்னிடம் ஒரு சிறு வேலையை ஒப்படைத்தார்கள். மழைக்காலத்தில் சங்கக் குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து புனேயிலிருந்து மும்பை வரை ரயிலில் சென்று, மலைகளின் அழகைக் கண்டு திரும்புவதென்று செயற்குழுவில் முடிவாகியிருந்தது. அதற்குரிய அறிவிப்பைத் தமிழில் எழுதித் தரவேண்டும்; அவ்வளவே. அரைமணி நேரத்து வேலை என்று எண்ணிப் பேனாவை எடுத்தேன். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது.

நாங்கள் ஏறிச் செல்லவிருந்த பெட்டிக்கு ‘விஸ்டாடோம்’ என்று பெயர். புனே–மும்பை மார்க்கத்தில் டெக்கான் எக்ஸ்பிரஸ் வண்டியில் 2021-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் இத்தகைய பெட்டியொன்று முதன்முதலாக இணைக்கப்பட்டது. பக்கங்களில் அகன்ற கண்ணாடிகள்; தலைக்கு மேலும் கண்ணாடி; ஆசனங்கள் 44, அவற்றை வேண்டிய திசைக்குத் திருப்பிக்கொள்ளலாம். இப்பெட்டிகள் செய்யப்படுவது எங்கே தெரியுமோ? நம் சென்னைப் பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையில்தான். தமிழ்நாட்டில் பிறந்த பெட்டிக்குத் தமிழில் ஒரு பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லையே என்று சற்று வெட்கமாகவே இருந்தது.

‘டோம்’ என்ற பாதியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அது குவிமாடம். பெட்டியின் கூரையில் குவிந்தது எதுவும் இல்லை என்பது வேறு விஷயம். ரயில்வேக்காரர்களுக்கு அந்த ஓசை பிடித்திருக்கிறது போலும். தொல்லை கொடுத்தது முதற் பாதியே. அகராதியைப் புரட்டினேன். ‘விஸ்டா’ என்ற இடத்தில் ‘காட்சி’ என்றிருந்தது. சரியென்று, அதற்கு அண்டை வீட்டுச் சொற்களையும் பார்த்தேன். ‘வியூ’ காட்சி, ‘சீன்’ காட்சி, ‘சைட்’ காட்சி, ‘ஷோ’வும் காட்சி. ஆங்கிலேயன் ஐந்து பாத்திரங்களில் வைத்திருப்பதை நாம் ஒரே அண்டாவில் கொட்டிவிட்டிருக்கிறோம்!

இச்சொற்களின் வேறுபாட்டைப் பற்றிச் சில வரிகள் எழுதுவது, ஆங்கிலப் பள்ளிகளில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படக் கூடும். ‘வியூ’ என்பது பொதுச்சொல். சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தாலும் அது வியூதான். ‘சீனரி’ என்பது நாடக மேடையிலிருந்து வந்தது. கிரேக்க மொழியில் கூடாரத்தையும், நடிகர்கள் வேடம் மாற்றும் மேடைக் கொட்டகையையும் குறித்த ஒரு சொல், பின்னர் மேடையைக் குறித்து, மேடையில் தொங்கும் வண்ணத் திரைகளைக் குறித்து, பதினெட்டாம் நூற்றாண்டில் மலைக்கும் ஆற்றுக்கும் பெயராயிற்று. மராத்தியர் இயற்கைக் காட்சியையும் ‘தேகாவா’ என்கிறார்கள். கணபதி உற்சவத்தில் பந்தலுக்குள் பொம்மைகளை வைத்து அமைக்கும் காட்சியையும் ‘தேகாவா’ என்கிறார்கள். கிரேக்கனுக்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. இன்னொன்று: ‘சீனரி’ என்பது அரிசி, மணல் போல எண்ணுக்கு அடங்காத பெயர். நம்மவர் பலர் ‘சீனரீஸ்’ என்று பன்மை சேர்த்து எழுதுகிறார்கள். அது பிழை. (நானும் பல ஆண்டுகள் எழுதியவன்தான்.)

‘லேண்ட்ஸ்கேப்’ டச்சு ஓவியர்கள் தந்த சொல். ‘பனோரமா’ என்பதோ இவற்றுள் வயதில் இளையது. ஒரு வியாபாரச் சரக்கின் பெயராகப் பிறந்தது. ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், பார்ப்பவரை நடுவில் நிறுத்தி நாற்புறமும் வட்டமாகச் சுற்றிவரும் பெரும் ஓவியம் ஒன்றுக்கு 1787-ல் காப்புரிமை பெற்றார். கிரேக்க மொழியில் ‘எல்லாம்’ என்பதையும் ‘காட்சி’ என்பதையும் ஒட்டி இப்பெயர் அமைந்தது. 1799-ல் திப்பு சுல்தான் மாண்ட ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையை, ராபர்ட் கெர் போர்ட்டர் என்பவர் அடுத்த ஆண்டே மாபெரும் பனோரமாவாக எழுதினார். இலண்டன் மக்கள் காசு கொடுத்து அதைப் பார்த்தார்கள். நம் பக்கத்து மண்ணில் சிந்திய இரத்தம் அங்கே ஒரு மாலைப்பொழுதின் ‘காட்சி’யாயிற்று.

இனி நம் ‘விஸ்டா’. இத்தாலிய மொழியில் ‘பார்க்கப்பட்டது’ என்று பொருள்படும் சொல். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்குள் வந்தது. இதன் மூலமான இலத்தீன் வினையும், வித்தை, வேதம் என்ற சொற்களுக்கு மூலமான வடமொழி வினையும் ஒரே வேரில் கிளைத்தவை என்பர் மொழிநூலார். ஆனால் விஸ்டா எதையும் பரந்து பார்ப்பதன்று. இருபுறமும் மரங்கள் அணிவகுத்து நிற்க, அவற்றினிடையே நீண்டு செல்லும் குறுகலான இடைவெளியில், தொலைவில் ஒன்று தெரிகிறதே, அதுவே விஸ்டா. ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். கன்னியாகுமரிக் கரையில் நின்று முக்கடலையும் பார்க்கிறோம்; அது பனோரமா. இராமேசுவரத்து மூன்றாம் பிரகாரத்தின் ஒரு கோடியில் நின்று, தூண் வரிசைகளினூடே மறுகோடியில் புள்ளியாய்த் தெரியும் ஒரு மனித உருவத்தைப் பார்க்கிறோம், அது விஸ்டா. இதிலிருந்துதான், இனி வரப்போகும் காலத்தையோ கழிந்த காலத்தையோ நீண்ட பாதையின் கோடியிற் காண்பதுபோல் மனத்தாற் காண்பதற்கும் இச்சொல் பயன்படலாயிற்று. கல்வி புதிய விஸ்டாக்களைத் திறந்து வைக்கிறது என்று பட்டமளிப்பு விழாக்களில் பேசுகிறார்கள் அல்லவா?

புது தில்லியில் இருக்கும் ‘சென்ட்ரல் விஸ்டா’ இந்தப் பொருளுக்குக் கச்சிதமாகப் பொருந்துவது. இந்தியா கேட்டிலிருந்து நேராக மேற்கே நோக்கினால், நீண்ட சாலையின் கோடியில் ரெய்சினா மேட்டில் குடியரசுத் தலைவர் மாளிகை தெரியவேண்டும். ஆனால் சாலை மேட்டில் ஏறும் இடத்தில் அதன் சரிவு மாளிகையை மறைத்துவிடுகிறது. மாளிகையைக் கட்டிய லுட்யென்ஸ், செயலகங்களைக் கட்டிய பேக்கர் ஆகிய இருவருக்கும் இதன் பொருட்டுப் பெரும் பூசல் மூண்டது. லுட்யென்ஸ் எவ்வளவோ முறையிட்டும் சரிவு மாறவில்லை. ஒரு சாம்ராஜ்யத்தின் சிற்பிக்கே தாம் விரும்பிய காட்சி மறைந்து போயிற்று என்றால், மாதத் தவணையில் வீடு வாங்கிய நாம் எம்மாத்திரம்?

நிற்க. வீடு என்றதும் என் கதைக்கு வரவேண்டியதாயிற்று.

தளேகாவில் நான் வீடு வாங்கியது 2012-ல். அதற்கு முன்பு பிம்ப்ரியில் வாடகைக்குக் குடியிருந்தேன். அன்றும் இன்றும் இவ்வூரிலும் பக்கத்துச் சாக்கனிலும் ஆலைகள் நம்மவரை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை வாங்குவதற்கு, ஸ்ரீபெரும்புதூரில் வேரூன்றிய ஹூண்டாய் 2023-ல் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்பிறகு காய்கறிச் சந்தையில் தமிழ்க்குரல் இன்னும் சற்று உரக்கக் கேட்பதாக எனக்குத் தோன்றுகிறது. அப்படி வருகிறவர்கள் எல்லாரும் முதலிற் படிப்பது வீட்டு விளம்பரங்களை. அவற்றில் ‘வியூ’, ‘வேலி’, ‘ஹில்’, ‘விஸ்டா’ என்ற நான்கில் ஒன்றேனும் இல்லாத பெயரைக் காண்பது அரிது. எங்கள் குடியிருப்பின் பெயரிலும் விஸ்டா இருந்தது. ஐந்தாம் மாடியில், வடக்குப் பார்த்த முன்தாழ்வாரம். எதிரே வயல்கள், வயல்களுக்கு அப்பால் இந்திராயணி ஆற்றங்கரை மரங்கள், அவற்றுக்கும் அப்பால் தனியே நின்ற ஒரு மலை. வீட்டை விற்றவர் அந்த மலையைத் தம் சொந்தச் சொத்துப் போலக் கைநீட்டிக் காட்டினார். அதற்கென்று சதுர அடிக்குக் கூடுதலாக ஒரு தொகையும் வாங்கிக்கொண்டார். மகிழ்ச்சியோடுதான் கொடுத்தேன். வந்த விருந்தினர்களையெல்லாம் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று, அவரைப் போலவே நானும் கைநீட்டிக் காட்டினேன்.

நான்கு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. 2016-ல் என் தகப்பனார் காலமானார். விக்கிரமசிங்கபுரத்தில் தனித்து நின்ற என் தாயாரை இங்கே அழைத்து வந்தேன்.

விக்கிரமசிங்கபுரத்தைப் பற்றி அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாபநாசத்தை அடுத்து, தாமிரவருணி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடத்தில் அமைந்த ஊர். எங்கள் வீட்டு வாசற்படியில் நின்றால் மேற்கே பொதிகைத் தொடர் சுவர்போல் நிற்கும். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர் இருவர், 1792-லும் அதனையடுத்தும் தென்னாட்டில் பயணம் செய்து, பாபநாசத்து அருவியை எழுதினார்கள். ‘ஓரியண்டல் சீனரி’ என்ற தலைப்பில் 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 படங்களில் அதுவும் ஒன்று. கவனியுங்கள், அங்கும் ‘சீனரி’! அப்படத்தின் பிரதியொன்றை அம்மாவுக்கு ஒருநாள் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். “அழகாக இருக்கிறது” என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். “இது எந்த மாசத்துத் தண்ணி?” என்று கேட்டார்கள்.

அவர்கள் பொதிகையை அழகு என்று சொல்லி நான் கேட்டதில்லை. “மலை கருத்திருக்கு, கொடியில கிடக்கிற துணியை எடு” என்பார்கள். “மலையில நல்ல மழை, இன்னிக்கு ஆத்துக்குப் போகாதே” என்பார்கள். காலையில் வாசல் தெளித்தபின் மேற்கே பார்த்து ஒரு கும்பிடு, அது அகத்தியருக்கு. மலை அவர்களோடு பேசியது, அவர்கள் மலையோடு பேசினார்கள். அந்த மனுஷியை ஐந்தாம் மாடியில் கொண்டுவந்து வைத்து, “பாருங்கள் அம்மா, எப்படி விஸ்டா!” என்று நான் சொன்னது, இன்று நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

அன்று சிரிப்பாக இல்லை. வந்த முதல் ஆறு மாதங்கள் அம்மா பெரும்பாலும் சமையலறையை ஒட்டிய பின்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். முன்தாழ்வாரத்துக்கு வருவதில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. ஊருக்கே திரும்பிப் போய்விடுகிறேன் என்று இரண்டு முறை சொன்னார்கள். அங்கே பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஒருநாள் இரவு என் மனைவி, “மாமி ஒருவேளைதான் சாப்பிடுகிறார்கள், நீங்கள் கவனித்தீர்களா?” என்று கேட்டாள். நான் கவனிக்கவில்லை.

எங்கள் குடியிருப்புக்குக் கீரை கொண்டுவரும் அம்மையார் ஒருவர் உண்டு. இந்திராயணிக்கு அக்கரையில் உள்ள ஊர். எல்லாரும் ‘மாவ்சி’ என்று அழைப்போம். மேத்தி, கொத்துமல்லி இவற்றோடு, அறுவடைக் காலத்தில் ‘இந்திராயணி’ அரிசியும் கொண்டுவருவார். ஆற்றின் பெயரைக் கொண்ட இவ்வரிசி, இங்கே அடுத்துள்ள வட்காவ் மாவள் ஆராய்ச்சிப் பண்ணையில் உருவாக்கப்பட்டது. மணமுண்டு, ஆனால் குழையும். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, அரிசி குழைவதைப் பற்றி மாவ்சியிடம் தமிழிலேயே முறையிட்டார்கள். மாவ்சி மராத்தியிலேயே பதில் சொன்னார். தண்ணீரைக் குறைத்து வைக்கச் சொன்னாரோ என்னவோ, இருவரும் கையாலும் பேசிக்கொண்டார்கள். பேச்சின் நடுவே அம்மா அவரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துச் சென்று, இந்த அரிசி எங்கே விளைகிறது என்று சைகையால் கேட்டார்கள்.

மாவ்சி காட்டினார். நான் நான்கு ஆண்டுகளாக ‘பச்சை’ என்று பார்த்திருந்தது, அவருடைய மைத்துனர் கரும்பு போட்டிருந்த நிலம். ‘பழுப்பு’ என்று பார்த்திருந்தது, செங்கற் சூளை. ஆற்றங்கரையில் மரங்கள் அடர்ந்த இடம், அவர் மாமியாரை எரித்த இடம். பிறகு அந்த மலை. அதைக் காட்டும்போது மாவ்சி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “ஏன்யா, அந்த மலைக்கு என்ன பேரு?”

எனக்குத் தெரியவில்லை. மாவ்சியிடம் கேட்டுத்தான் சொன்னேன். அது பண்டாரா மலை. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த துக்காராம், பக்கத்தில் இதே இந்திராயணிக் கரையிலுள்ள தேஹு ஊரினர். வீட்டையும் கடையையும் விட்டு இந்த மலையில் தனித்திருந்து தியானித்தார் என்பர். அவர் பாடிய அபங்கங்களை இன்றும் வயலில் வேலை செய்கிறவர்கள் பாடுகிறார்கள். ஆஷாட ஏகாதசிக்காகத் தேஹுவிலிருந்து பண்டரிபுரத்துக்குப் பல்லக்கு நடந்து செல்கிறதே, அந்தத் துக்காராம்தான். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அவர் இருந்த மலையே என் விஸ்டா என்பதை மட்டும் அறியாமலிருந்தேன்.

“நம்ம அகத்தியர் மலை மாதிரி ஒரு மலை. இத்தனை வருசமா பேரு தெரியாமலா குடியிருந்திய?” என்றார்கள் அம்மா. மறுநாட் காலையில் அம்மா தாழ்வாரத்தில் நின்று வடக்கே பார்த்துக் கைகூப்பியதை என் மனைவி வந்து சொன்னாள். அடுத்த மழைக்காலத்துக்குள், “மலையில கருக்கிட்டு வருது, துணியை எடுங்க” என்ற குரல் எங்கள் வீட்டில் கேட்க ஆரம்பித்தது. மழைக்கு ‘பாவூஸ்’ என்றும் மலைக்கு ‘டோங்கர்’ என்றும் அம்மா கற்றுக்கொண்டார்கள். மாவ்சிக்கு ‘சாரல்’ என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தார்கள். அவர் அதை ‘சாரள்’ என்பார்.

இங்கே தமிழ்ச் சொற்களைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். ‘காட்சி’ என்பது நம் முன்னோருக்கு வெறும் கண்ணுக்கு விருந்து அன்று. வள்ளுவர் மயக்கம் நீங்கிய மெய்யறிவையும் காட்சி என்கிறார்; அரசன் குடிகளால் எளிதிற் காணப்படுவதையும் காட்சி என்கிறார். சமய நூலார் நேரே கண்டறியும் அறிவுக்கு அதனையே பெயராக்கினர். ‘கண்ணோட்டம்’ என்று இன்று பத்திரிகைகளில் நாள்தோறும் எழுதுகிறோம்; ‘வியூ பாயிண்ட்’ என்பதற்கு நேராக. திருக்குறளில் அப்பெயரில் ஓர் அதிகாரமே, ஐம்பத்தெட்டாவதாக, இருக்கிறது. அங்கே அதன் பொருள் இரக்கம். கண் போய் ஒருவர்மேல் தங்கி இளகுதல். நிலத்தைப் பற்றியும் அப்படியே. தொல்காப்பியர் குறிஞ்சி, முல்லை என்று வகுத்தபோது வெறும் மலையையும் காட்டையும் வகுக்கவில்லை. அந்நிலத்துத் தெய்வம், உணவு, பறை, அங்கு வாழ்வோரின் தொழில் எல்லாவற்றையும் கருப்பொருள் என்று உடன் சேர்த்தே வைத்தார். செங்கற் சூளையையும் மைத்துனரின் கரும்பையும் விட்டுவிட்டு அவர் மலையை மட்டும் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலச் சொல்லைக் குறை கூறுவதாக எண்ணவேண்டாம். அந்தச் சொல்லுக்கு அதன் வேலை. வேறொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மராத்தியில் ‘காட்’ என்பது மலையை ஏறிக் கடக்கும் வழி. மலைக்குப் பெயர் சஹ்யாத்ரி. ஆங்கிலேயர் வழியின் பெயரை மலைக்கு வைத்து ‘வெஸ்டர்ன் காட்ஸ்’ என்றார்கள். நாம் அதையும் மலை என்றே கொண்டு ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ ஆக்கிக்கொண்டோம். யார் பெயர் வைத்தால் என்ன, மழை பெய்கிறது.

2020-ம் ஆண்டின் இறுதியில் எங்கள் குடியிருப்புக்கு எதிரே வயலில் ஒரு தகர வேலி எழுந்தது. அடுத்த ஆண்டில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று வளரத் தொடங்கியது. எங்களுக்கு விற்றவரே அதையும் கட்டினார். அதன் பெயரிலும் விஸ்டா இருந்தது! ஒவ்வொரு தளமாக மலை மூழ்கியது. முதலில் ஆறு போயிற்று, பிறகு அடிவாரம், பிறகு இடுப்பு. எட்டாம் தளத்துக்கு மேல் எங்கள் தாழ்வாரத்திலிருந்து சிமென்ட் சுவரைத் தவிர ஒன்றுமில்லை. குடியிருப்போர் கூட்டம் போட்டோம். புகார்க் கடிதம் எழுதும் பொறுப்பு, எழுத்துக்காரன் என்ற பெயரெடுத்த எனக்கு வந்து சேர்ந்தது. எங்களுள் ஒருவர் வக்கீல். ஒப்பந்தப் பத்திரத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சதுர அடி இருந்தது, வண்டி நிறுத்தும் இடம் இருந்தது, தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவுகூட இருந்தது. மலை எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. விளம்பரத் தாளில் இருந்ததெல்லாம் சட்டத்தில் நிற்காது என்றார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அந்த வாரமே மாவ்சி வந்தபோது, அவரும் நம் பக்கம் நின்று பேசுவார் என்று எண்ணி, ஆத்திரத்தோடு இதைச் சொன்னேன். அவர் கீரைக் கட்டை எண்ணிக்கொண்டே, “ஆமாம் பாவூ. எங்கள் ஊர் மேட்டிலிருந்து பார்த்தால் தெற்கே மலை வரிசை தெரியும். உங்கள் கட்டடங்கள் வந்தபோது எங்களுக்கும் மறைந்தது” என்றார். குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார். கடிதத்தை நான் எழுதினேன். ஆனால் முதலில் மனத்தில் வரைந்து வைத்திருந்த கடிதம் அன்று. அதற்கு இன்றுவரை பதிலும் இல்லை.

அம்மாவைப் பற்றித்தான் எனக்குப் பயம் இருந்தது. மறுபடியும் பின்கட்டுக்குப் போய்விடுவார்களோ என்று. போனார்கள், ஆனால் அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சங்கத்து அறிவிப்பு. ‘நெடுங்காட்சிப் பெட்டி’ என்று எழுதினேன், அடித்தேன். ‘சேய்மைக் காட்சி மாடம்’ என்று எழுதினேன். அது ஏதோ நட்சத்திரம் பார்க்கும் இடம்போல் ஒலித்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “மேலே கண்ணாடிதானே போட்டிருக்கு? கண்ணாடிக் கூரைப் பெட்டின்னு போட்டா ஆகாதா?” என்றார்கள். அப்படியே போட்டோம். அன்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். இத்தனை நூற்றாண்டுச் சொல்லாராய்ச்சிக்கும் முடிவு அதுதான்.

பயண நாளன்று நல்ல மழை. கண்ணாடிக் கூரையில் தாரை தாரையாக நீர் ஓடியதால் மேலே பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கங்களில் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். லோணாவளாவைத் தாண்டிப் போர் காட் இறக்கம் தொடங்கியதும் பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். ஒவ்வொரு அருவிக்கும் ஒரு கூச்சல். ஒவ்வொரு குகைக்கும் இரண்டு. குகையின் இருளிலிருந்து வெளிவரும்போது, அதன் வாய் வழியே ஒரு கணம் பள்ளத்தாக்கு தெரிகிறதே, அகராதிக்காரன் விஸ்டா என்றது அதைத்தான் என்று பக்கத்திலிருந்த பையனிடம் சொன்னேன். அவன் கைப்பேசியில் அதைப் படம் பிடிக்க முயன்று, மூன்று முறையும் இருட்டையே பிடித்தான்.

அம்மா ஆசனத்தைத் திருப்பவில்லை. மலைச் சரிவையும் பாறையைக் குடைந்த சுவரையும் பார்த்துக்கொண்டே வந்தவர்கள், “இதை வெட்டினது யாரு?” என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1856-ல் தொடங்கி 1863-ல் திறக்கப்பட்ட பாதை. ஏறத்தாழ 16 மைல் தூரத்தில் 1,831 அடி ஏற்றம். சில இடங்களில் 37 அடிக்கு ஓர் அடி வீதம் ஏறுகிறது. 1861-ல் ஒரே சமயத்தில் 42,000 பேர் வரை வேலை செய்தார்கள். பொறுப்பேற்று வந்த சாலமன் டிரெட்வெல் என்ற ஒப்பந்தக்காரர் 1859-ல் வந்த சில நாட்களிலேயே நோயுற்று இறந்தார். அவருடைய மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று, பொறியாளர்களை வைத்து நடத்தினார். கூலியாட்களுள் காலராவிலும் விபத்திலும் இறந்தவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். அவர்கள் பெயர்கள் எந்தப் பாறையிலும் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த குகை வந்ததும் கைகளை மடியிற் சேர்த்துக் கூப்பிக்கொண்டார்கள். கர்ஜத் வரை அப்படியே இருந்தார்கள்.

இனி, பின்கட்டு.

எதிர்க் கட்டடம் முழுதும் எழுந்த பிறகு ஒருநாள் மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது, அம்மா தம் நாற்காலியைப் பின்கட்டின் மூலையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே, நெருக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மனம் சோர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். “குனிஞ்சு பாரு” என்றார்கள். குனிந்தேன். எங்கள் கட்டடத்து மாடிப்படிச் சுவருக்கும் புதுக் கட்டடத்தின் ஓரத்துக்கும் நடுவே, இரண்டு முழம் இருக்கலாம், ஓர் இடைவெளி. அதன் கோடியில், வெகு தொலைவில், பண்டாரா மலையின் உச்சி மட்டும் தெரிந்தது. நின்றால் தெரியாது, அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

அகராதிப்படி பார்த்தால், பன்னிரண்டு மாடி எழுந்த பிறகே எங்கள் வீட்டுக்கு விஸ்டா கிடைத்திருக்கிறது. அம்மாவிடம் அதைச் சொன்னேன். “போன வாரமே மாவ்சிக்குக் காட்டிட்டேன்” என்றார்கள்.

சனிக்கிழமைகளில் மாவ்சி கூடையை வாசலில் இறக்கிவிட்டு நேரே பின்கட்டுக்குப் போகிறார். அம்மா எழுந்து இடங்கொடுக்கிறார்கள். மாவ்சி உட்கார்ந்து, குனிந்து பார்த்து, ஏதோ சொல்கிறார். அம்மா ஏதோ பதில் சொல்கிறார்கள். சென்ற சனிக்கிழமை என் மகள் ஓடிவந்து, உடனே மாடிக்குப் போய்த் துணிகளை எடுக்கவேண்டுமாம் என்றாள்.